முப்பத்தொரு சென்ரிமீற்றர்

கட்டில் காலுக்கும் சுவருக்கும் இடையில்
முப்பத்தொரு சென்ரிமீற்றர்.
தையல் நாடாவால் மூன்று தரம் அளந்தேன்.
நான் மூச்சைப் பிடித்தாலும்
சுவர் பிடிக்கவில்லை.

மொன்றியல், கோட்-தெ-நேஜ்,
பாதி மண்ணுக்குள் இருக்கும் ஓர் அறை.
பகலில் அது நிரோஜினிக்கு, இரவில் எனக்கு.
வாடகை பாதி, கட்டிலும் பாதி,
தலையணை மட்டும் ஆளுக்கொன்று.
அவள் விமானநிலையத்தில் இரவு துடைக்கிறாள்,
நான் ஷபனெல் தெருவில் பகல் தைக்கிறேன்.
காலை ஆறு மணிக்குக் கதவடியில்
ஒருவர் சப்பாத்தைக் கழற்ற ஒருவர் போடுவோம்.
அவ்வளவுதான் சந்திப்பு.

கையில் ஐந்நூறு டொலர்.
ஒரு சதம் கூடினாலும்
பெப்ரவரி பஸ் பாஸில் கைவைக்க வேண்டும்.

முதலில் வந்தது பெட்டி,
இரண்டு சப்பாத்துப் பெட்டியை அடுக்கிய அளவு.
ஸ்னோடன் மெற்றோ வாசலில் ஹெயிற்றிப் பெடியன்
முப்பது கேட்டு இருபத்தைந்துக்கு இறங்கினான்.
ஒரு திருகாணி குறைவு என்பதை
வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.
எங்கோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ப்ராசெசர்.
விரித்த கையளவு மதர்போர்ட்.
நினைவகம் இரண்டு துண்டு, இரண்டும் இரண்டு கொம்பனி,
சண்டைபிடிக்காமல் ஓடினால் போதும்.

கிராபிக்ஸ் கார்ட்தான் ஏமாற்றியது.
நாலு மில்லிமீற்றர் நீளம்.
பதினொரு வருசம் தையல் மெசினில் இருந்தவள்,
தையலுக்கு விடும் துணியை விட மறந்தேன்.
துணியென்றால் இழுத்தால் கொஞ்சம் வரும்,
தகடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.
இரண்டு மாலை, உடுப்புத் தோய்க்கும் அறையில்
அரத்தால் அராவினேன்.
கட்டடம் பார்க்கும் ஆர்மாந்தோ எட்டிப் பார்த்து,
சிறையிலிருந்து தப்பவா என்றார்.
இல்லை, உள்ளே போக என்றேன்.
என் பிரெஞ்சு அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

வியாழன் இரவு பொத்தானை அமத்தினேன்.
விசிறி சுழன்றது. பச்சை விளக்கு எரிந்தது.
திரை கறுப்பு.
நினைவகத்தைக் கழற்றிப் பூட்டினேன்.
இடம் மாற்றிப் பூட்டினேன்.
ஒவ்வொரு வயரையும் பல்லுத் தடவுகிற மாதிரித் தடவினேன்.
கறுப்பு.
ஐந்நூறு டொலருக்கு ஒரு மேசை விசிறி வாங்கியிருக்கிறேன்
என்று தரையில் இருந்தேன்.

விடிய நிரோஜினி வந்தாள்,
கையுறையின் ரப்பர் மணத்தோடு.
குனிந்தாள். பின்பக்கம் பார்த்தாள்.
“திரை வயரை மதர்போர்டில குத்திவைச்சிருக்கிறாய்.
கீழ இருக்கிற கார்ட்டில குத்தடி.”
குத்தினேன். வெளிச்சம்.
“உனக்கெப்பிடித் தெரியும்?”
“கேற்றில திரை கறுத்தா அவங்கள் முதல் அதைத்தான் பாப்பாங்கள்.
நான் கீழ துடைச்சுக்கொண்டு நிக்கிறனான் எல்லே.”
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.
அன்று பதினாறு கொலர் கோணல்.

பிறகு ஒவ்வோர் இரவும் குதிரை.
மலிவான கார்ட், எல்லாம் குறைந்த தரத்தில்.
புல் புல்லாக இல்லை, பச்சைச் சாந்து.
தூரத்து மலைகள் நூற்றறுபத்தைந்தாம் நம்பர் பஸ் போல
வராது வராது என்றிருக்க, திடீரென வந்து நிற்கும்.
கையை நீட்டினால் சுவர் இடிக்கும் அறையில்
கட்டிலில் சம்மணமிட்டபடி
நாற்பது நிமிடம் ஒரே திசையில் ஓடினேன்,
எதிலும் முட்டாமல்.
பெட்டி சுடுகிறது. ஹீற்றரைக் குறைத்துவிட்டேன்.
கரண்ட் காசு பாதி நிரோஜினியுடையது,
விசிறிச் சத்தம் அவளுக்கில்லை,
நான் ஓட்டுவது அவள் இல்லாத நேரம்
என்று நினைத்திருந்தேன்.

நேற்று லாயத்துக்குள் போனால்
என் குதிரைக்குப் பக்கத்தில் இன்னொன்று,
கறுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுழி,
என்னுடையதிலும் விலைகூடிய சேணம்.
பெயர்: ஓவர்ரைம்.
ஓடிய நேரம்: ஐம்பத்திரண்டு மணி.

காலை ஆறு மணி.
கதவடியில் சப்பாத்தைக் கழற்றுகிறாள், கண் சிவந்திருக்கிறது.
நித்திரை காணாதோ என்று கேட்டேன்.
“எங்க,” என்றாள், “பகலில ஒரே சத்தம்.”